மைத்துனர் என்ற இடத்தில் ஒரு பெயர்

நான் இதுவரை முந்நூற்று நாற்பது பேருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட அதை வாசித்துவிட்டுப் பிழை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? ஆள் இறந்து முப்பத்தோராம் நாள்தான் என் புத்தகம் வெளியில் வரும்.

யாழ்ப்பாணத்து ஆட்களான நாங்கள் அதைக் கல்வெட்டு என்போம். பளபளப்பான தாளில் நாற்பது பக்கம். முதலில் பிள்ளையார் படம், பிறகு இறந்தவருடைய படம், தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மைத்துனர் புலம்பல் என்று வீட்டார் ஒவ்வொருவர் வாயாலும் ஒரு பாட்டு, வம்சாவளி, கடைசியில் நன்றி. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள். லண்டனுக்கு வந்து முப்பது நாற்பது வருடமாகியும் எங்கள் சனம் இந்தப் பழக்கத்தை விடவில்லை. விட்டிருந்தால் நான் வேறு தொழில் பார்த்திருப்பேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புலம்பல்கள் எல்லாம் என் கணினியில் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. மனைவி புலம்பல் நான்கு வகை, மக்கள் புலம்பல் ஆறு வகை. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். "நான் செத்தால் எனக்கு எத்தினையாம் நம்பர் போடுவியள்?" என்று என் மனைவி தவநாயகி ஒருநாள் கேட்டாள். நான் அன்றைக்கு நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, மோர்டனில் என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜெயகௌரி நிற்கிறார். அறுபத்து மூன்று வயது, வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவால் நான் போவதில்லை.

"சபாபதி அண்ணை, என்ரை மனிசனுக்குக் கல்வெட்டு அடிக்கவேணும்" என்றார்.

அவருடைய மனிசன் கொலின் தர்ஸ்பி. இங்கிலீஷ்காரர், திரைப்பட இயக்குநர். ஒன்பது படம் எடுத்தவர். இரண்டு கிழமைக்கு முன்னர் இதயம் நின்று இறந்துபோன செய்தி இங்கிலீஷ் பத்திரிகைகளில் அரைப்பக்கம் வந்திருந்தது. அதை முழுக்க வாசிக்காமல் பத்திரிகையை மடித்துவைத்தேன். காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துப் பிறகு எடுத்துக் காட்டுகிற ஆள் நானில்லை.

2006இல் ஜெயகௌரியின் தாயார் சிவனேஸ்வரி அம்மா மனோர் பார்க்கில் காலமானார். அப்போது என் அச்சகமும் மனோர் பார்க்கில்தான் இருந்தது. கல்வெட்டு அடிக்க வந்தவர் ஒரே மகன் குலசேகரம். மருமக்கள் வரிசையில் கொலின் தர்ஸ்பி என்ற பெயரை நான் எழுதிக் காட்டியதும் அதை நகத்தால் கீறினார். "வெள்ளைக்காரன்ரை பேர் வேண்டாம் காணும். சனம் கேக்கும்" என்றார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஒரு வரியை அழித்தேன், மற்ற வரிகள் மேலே ஏறி வந்து இடைவெளியை மூடிக்கொண்டன. முப்பத்தோராம் நாள் ஜெயகௌரி அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். அன்றைக்குத் தமையன் வீட்டை விட்டு இறங்கியவர் திரும்ப அந்தப் படி ஏறவில்லை. அண்ணனும் தங்கையும் பேசி வருடம் பத்தொன்பது.

"என்னட்டை ஏன் வந்தனீங்கள் தங்கச்சி? வேறை ஆக்களும் அடிக்கினம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீங்கள்தானே விட்டனீங்கள். நீங்கள்தான் போடவேணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தையல்காரரிடம் திருத்தத்துக்குச் சட்டை கொடுக்கிற மாதிரிச் சொன்னார். "கொலினும் கேட்டவர், தனக்கும் உப்பிடி ஒண்டு வேணுமெண்டு. அம்மாவின்ரை கல்வெட்டு அவருக்கு நல்ல விருப்பம். எல்லாற்றை பேரும் இருக்கிற புத்தகம் எண்டு சொல்லுவார்."

"அவற்றை பேர் இல்லையெண்டு அவருக்குத் தெரியாதே?"

"தெரியும். தன்ரை பேரைத் தமிழிலை எழுத நான் பழக்கினனான். முதல் பக்கத்திலை இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரலை வைச்சுத் தேடினவர். பேந்து சொன்னார், அச்சடிச்ச ஆள் தவறுதலா விட்டிருப்பார், தங்கடை படங்களிலையும் இப்பிடி நடக்கிறதெண்டு."

அச்சடிச்ச ஆள் நான். மனிசன் என் மேல் பழியைப் போட்டுத் தன் மச்சான் வீட்டாரைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெட்கமாகவும் இருந்தது.

ஜெயகௌரிக்கு ஒரேயொரு நிபந்தனை. கொலின் தாய்தகப்பனுக்கு ஒரே பிள்ளை. ஆகவே உறவுமுறைப் பட்டியலில் மைத்துனர் என்ற இடத்தில் வரக்கூடியவர் ஒரே ஒருவர்தான், குலசேகரம். "அண்ணையின்ரை பேர் அதிலை வரவேணும். ஆனால் அவரைக் கேக்காமல் போடக்கூடாது. ஓம் எண்டால் போடுங்கோ. மாட்டன் எண்டால் மைத்துனர் எண்டு எழுதிப்போட்டுப் பக்கத்திலை வெறுமையா விடுங்கோ. சனம் பாக்கட்டும்."

"நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாக்கலாமே?"

"நான் கேட்டு அவர் இல்லையெண்டால் எனக்குத் தாங்க ஏலாது அண்ணை" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. நானே போய்க் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர் போனதும் தவநாயகியிடம் ஏச்சு வாங்கினேன்.

முதலில் வரலாற்றை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். 'இங்கிலாந்து ஹல் நகரைப் பிறப்பிடமாகவும், லண்டன் மோர்டனை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் கொலின் தர்ஸ்பி அவர்கள்' என்று தொடங்கும்வரை கை சரளமாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. என் வழக்கமான வரலாற்றில் ஆள் ஊரில் புகழ்பெற்ற கல்லூரியில் படித்து, அரச உத்தியோகம் பார்த்து, கோயில் திருப்பணிக்குக் கைகொடுத்திருப்பார். கொலின் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தகப்பன் மாடிக்கட்டடங்களில் லிப்ட் திருத்துகிறவர், மகனையும் அதற்குத்தான் அனுப்பினார். பத்தொன்பது வயதில் லண்டனுக்கு ஓடிவந்து, தொலைக்காட்சி நாடகங்களுக்கு மைக் பிடிக்கிற வேலை செய்திருக்கிறார். நீட்டுத் தடியில் மைக்கைக் கட்டி நடிகர்களின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. பன்னிரண்டு வருடம் கையை உயர்த்தியபடி நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டவர், முப்பத்து மூன்று வயதில் தன் முதல் படத்தை எடுத்தார். அதில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

இதை எந்த நம்பருக்குள் அடக்குவது? மனைவி புலம்பல் மூன்றாம் வகையை எடுத்துப் பெயரை மாற்றி ஜெயகௌரிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். என்னைத் தவிக்கவிட்டுப் போனீரே, இனி யார் துணை என்று போகும்.

"அண்ணை, இது எனக்குச் சரிவராது. நான் புலம்பேல்லை" என்றார். "அவர் என்னைத் தவிக்க விடேல்லை. முப்பத்து மூண்டு வருசம் வடிவா வைச்சிருந்தவர். எனக்கு நன்றி சொல்லத்தான் இருக்கு. நீங்கள் வீட்டை வாங்கோ, படங்களைப் பாருங்கோ. பாக்காமல் எப்பிடி எழுதுவியள்?"

போனேன். மூன்று நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கொலின் தர்ஸ்பியின் படங்களைப் பார்த்தேன். மகள் மேனுஷா படங்களைப் போட்டுவிடுவாள். முப்பத்தொரு வயது, கண் வைத்தியர். இங்கிலீஷில் பேசி இடையில் 'மாமா' என்று ஒரு சொல்லைச் செருகினால் அது தமிழாகிவிடும் என்று நம்புகிற பிள்ளை.

உள்ளதைச் சொன்னால் முதல் படத்தில் பாதிக்கு மேல் நித்திரை கொண்டுவிட்டேன். ஒரு மீன்கடை, மூன்று பேர், மழை. எழும்பிப் பார்க்க அதே கடை, அதே மழை, இரண்டு பேர். மற்றவர் எங்கே என்று ஜெயகௌரியைக் கேட்டேன். சிரித்தார். கணவன் இறந்த வீட்டில் அப்படி வாய்விட்டுச் சிரித்த பெண்ணை நான் கண்டதில்லை. "கொலினும் தியேட்டரிலை தன்ரை படத்துக்கு நித்திரை கொள்ளுறவர்" என்றார்.

படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும் நான் செருப்பைத் தேடினேன். "இருங்கோ, இன்னும் முடியேல்லை" என்று அவர் என்னைப் பிடித்து இருத்தினார். எழுத்து ஓடியது, ஓடியது. நடிகர்கள், ஒளிப்பதிவு, தச்சர், சாரதி, தேத்தண்ணி ஊற்றியவர், மழைக்குத் தண்ணி அடித்த தீயணைப்பு வண்டிக்காரர். ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர். இதற்காகக் கொலின் தயாரிப்பாளர்களுடன் ஒவ்வொரு படத்துக்கும் சண்டை போடுவாராம். யார் இதையெல்லாம் வாசிக்கப்போகிறார்கள் என்று அவர்கள் கேட்டால், அந்த ஆளின் தாய் வாசிப்பாள் என்பாராம்.

மூன்றாம் படத்தின் எழுத்தில் ஜெயகௌரியின் பெயர் வந்தது. அவர் அகதியாக வந்த புதிதில் ஒரு பிலிம் லாபில் வேலை எடுத்திருக்கிறார். படத்தின் மூலச்சுருளை, வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, இயக்குநர் முடிவு செய்த இடங்களில் வெட்டி ஒட்டுகிற வேலை. ஒரு கீறல் விழுந்தாலும் திரும்ப எடுக்க ஏலாத சுருள். "நாலு வருசம் வெட்டினனான். ஒருத்தரும் கீழை வந்து பாத்ததில்லை. இவர்தான் படி இறங்கி வந்து, என்ரை படத்தை வெட்டினது ஆர் எண்டு கேட்டவர். ஏதோ பிழை விட்டிட்டனாக்கும் எண்டு நான் நடுங்கிப்போனன். உங்கடை பேரை எப்பிடி எழுதுறது எண்டு கேட்டார். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சன்னல் பக்கம் திரும்பினேன்.

மூன்றாம் நாள் ஏழாவது படம். 2008இல் வந்தது. இங்கிலீஷ் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இரண்டு மணித்தியால அனுமதி'. ஐரோப்பாவில் ஒரு விழாவில் பரிசு வாங்கியதும் இதுதான். ஒரு மனிதன் ஒரு தெருவில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். எதிர்வீட்டுக்குள் அவன் மனைவியும் மகளும் போகிறார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. சன்னல் திரை கொஞ்சம் விலகுகிறது, மூடுகிறது. படம் முழுக்க இதுதான். இந்தமுறை எனக்கு நித்திரை வரவில்லை. அந்தத் தெருவை எனக்குத் தெரியும். மனோர் பார்க்கில் குலசேகரத்தின் அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை நான் அச்சுப்பிரதி கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

"சனிக்கிழமையளிலை அம்மாவைப் பாக்கப் போவம்" என்றார் ஜெயகௌரி. "எட்டு வருசம். அண்ணை என்னையும் பிள்ளையையும்தான் உள்ளை விடுவார். கொலின் வெளியிலை காருக்குள்ளை இருப்பார். எனக்கு நெஞ்சு வெடிக்கும். அவர் என்னெண்டால், சந்தோசமா இருந்து எழுதிக்கொண்டிருப்பார். டெலிபோன் இல்லை, கதவு தட்ட ஒருத்தரும் இல்லை, லண்டனிலை இப்பிடி ஒரு அறை ஆருக்குக் கிடைக்கும் எண்டு கேப்பார். அந்தக் காருக்குள்ளை மூண்டு படம் எழுதினவர்."

எழுத்து ஓடியது. நான் இம்முறை எழும்பவில்லை. நடிகர்கள், தச்சர்கள், சாரதிகள். கடைசியில் நன்றி என்று ஒரு தலைப்பு. அதன் கீழே இரண்டு வரி மட்டும் தனியாக நின்றன.

'சனிக்கிழமைகளுக்காக: திருமதி சிவனேஸ்வரி, மனோர் பார்க்.'

'வாகனம் நிறுத்த அனுமதி: திரு. குலசேகரம், மனோர் பார்க்.'

நாங்கள் அவருடைய பெயரை ஒரு கல்வெட்டில் இருந்து அழித்தோம். இரண்டு வருடம் கழித்து அவர் எங்கள் ஆட்களின் பெயரை உலகம் முழுக்கத் திரையில் ஓடவிட்டிருக்கிறார். பிறகு இன்னொரு தரம் ஓடவிட்டு என் பெயரும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஏன் இருக்கவேண்டும்? ஆனாலும் பார்த்தேன்.

"குலசேகரம் அண்ணைக்கு இது தெரியுமே?"

"ஆர் சொல்லுறது? நாங்கள்தான் கதைக்கிறேல்லையே."

மேனுஷா அந்த இடத்தை மட்டும் வெட்டி என் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைத்தாள். அடுத்தநாள் காலை மோர்டனில் ரயில் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் எலிசபெத் லைனுக்கு மாறி, மனோர் பார்க்கில் இறங்கினேன். வழியெல்லாம் பேசவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

குலசேகரத்துக்கு எழுபத்தாறு வயது. மனைவி போய் ஐந்து வருடம், அவருடைய கல்வெட்டும் என் கையால்தான் வந்தது. பிள்ளைகள் கனடாவில். முழங்கால் தேய்ந்து தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் வேட்டி சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. என்னை உட்காரச் சொல்லி, தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

"ஜெயாவின்ரை மனிசன் விசயமா வந்திருக்கிறீர், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. கல்வெட்டு அடிக்கிறம். மைத்துனர் எண்ட இடத்திலை உங்கடை பேர் போடலாமோ எண்டு தங்கச்சி கேக்கிறா."

தடியைப் பார்த்தபடி இருந்தார். "வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னர் வந்திருக்கவேண்டிய கோபம். "இன்னும் சனம் கேக்குமெண்டோ அண்ணை பயப்பிடுறியள்? அந்தச் சனத்திலை பாதிப் பேருக்கு நானே கல்வெட்டு அடிச்சிட்டன்" என்றேன்.

"அதில்லைக் காணும்." குரல் தணிந்திருந்தது. "அந்த ஆளை ஒருநாள் என்ரை வீட்டுக்குள்ளை விடேல்லை. ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லை. அம்மாவின்ரை கல்வெட்டிலை பேரையும் வெட்டினன். செத்தாப் பிறகு மைத்துனர் எண்டு போய் என்ன முகத்தோடை நிக்கிறது? வேண்டாம். எனக்கு அந்த இடம் இல்லை."

கைத்தொலைபேசியை எடுத்து, மேனுஷா அனுப்பியதை ஓடவிட்டு அவர் முன்னால் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தாயின் பெயர் வந்தது. தன் பெயர் வந்தது. எழுத்து மேலே போய் முடிந்தது. திரும்பப் போடும் என்று விரலால் காட்டினார். மூன்று தரம் பார்த்தார்.

"பெர்மிட்" என்றார். "ஒருக்கா பார்க்கிங் பாக்கிற வோர்டன் வந்து அவற்றை காருக்குத் தண்டம் எழுதிப்போட்டான். அம்மா சன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டவ. அந்தப் பொடியனுக்கு ஒரு பெர்மிட் குடன் எண்டு சொன்னவ. பொடியனாம், அவருக்கு அப்ப ஐம்பது வயது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனியும் ரெண்டு மணித்தியாலம் கார் விடுற விசிட்டர் பெர்மிட் ஒண்டிலை திகதியைச் சுரண்டி ஜெயாவின்ரை கையிலை குடுத்துவிடுவன். அவ்வளவுதான் காணும் நான் செய்தது. வேறை ஒண்டும் செய்யேல்லை. அதையும் எழுதி வைச்சிருக்கிறாரே."

எழும்பிக் குசினிக்குள் போனார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கன நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

"பேரைப் போடும்" என்றார்.

எனக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உற்சாகத்தில் என் தொழில் புத்தி தலை தூக்கியது. "அப்ப மைத்துனர் புலம்பலும் ஒண்டு போடுவம் அண்ணை, கைவசம் நல்லதொண்டு இருக்கு" என்று இரண்டாம் வகையை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். தோளோடு தோள் நின்ற துணைவனே என்று தொடங்கும். இரண்டாம் வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது ஆருக்கு எழுதினது?"

"எல்லாருக்கும் பொதுவா அண்ணை."

"அவர் எனக்கெண்டு தனிய ஒரு வரி போட்டிருக்கிறார். நான் கடையிலை தொங்கிறதை எடுத்துக் குடுக்கிறதே? பேனையை எடும். நான் சொல்லுறன், நீர் எழுதும்."

சொன்னார். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொண்டேன். முப்பது வருடத் தொழிலில் ஒரு எழுத்தும் மாற்றாமல் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பிய நான், கொலினுக்காக வைத்திருந்த பழைய வரலாற்றை அழித்துவிட்டு முழுக்கப் புதிதாக எழுதினேன். லிப்ட், மைக், மழை, மீன்கடை, கார் எல்லாம் வந்தன. தூங்கிப்போனதையும் எழுதினேன். தேவாரங்கள் இருந்த இடத்தில் ஒன்பது படங்களிலும் வேலை செய்த எல்லோருடைய பெயரையும் போடச் சொன்னார் ஜெயகௌரி, கொலின் கோயில் குளம் என்று போகிறவர் இல்லை. பதினான்கு பக்கம் பெயர்கள். மனைவி புலம்பல் என்ற தலைப்பை எடுத்துவிட்டு, மனைவி நன்றி என்று போட்டோம். குலசேகரம் சம்மதித்துவிட்டார் என்று மட்டும் ஜெயகௌரியிடம் சொன்னேன். அவர் சொல்லி எழுதியதைக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தைத் தங்கை அச்சில் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோர்டனில் ஒரு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. எங்கள் ஆட்கள் அறுபது பேர், சினிமாக்காரர் நாற்பது பேர். வெள்ளைக்காரர்கள் சோற்றுத் தட்டையும் கல்வெட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மேனுஷாவிடம் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தமிழில் தன் பெயரைக் கண்ட ஒரு கிழட்டுத் தச்சர் அதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். தாய் இருந்திருந்தால் தாய்க்கு அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மேடைக்கு முன்னால் வழக்கம்போல இரண்டு பக்கமும் நாற்காலி வரிசை. இடது பக்கம் மனைவி வீட்டார், வலது பக்கம் கொலின் வீட்டார். கொலினுக்குச் சகோதரமும் இல்லை, தாய்தகப்பனும் இல்லை. வலது பக்கத்து முன்வரிசை வெறுமையாகக் கிடந்தது.

ஜெயகௌரி ஒலிவாங்கியின் முன்னால் நின்று வாசித்தார். தன் நன்றியை வாசித்தார், மகளுடையதை வாசித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மைத்துனர் என்ற தலைப்பைக் கண்டதும் நின்றார். ஒருமுறை மனதுக்குள் வாசிப்பது தெரிந்தது. பிறகு சத்தமாக வாசித்தார்.

"மச்சான், எட்டு வருசம் நீர் என்ரை வீட்டு வாசலிலை காருக்குள்ளை இருந்தனீர். ஒருநாள் வந்து கண்ணாடியைத் தட்டி உள்ளை வாரும் எண்டு சொல்லியிருக்கலாம். நான் சொல்லேல்லை. நான் உம்மடை பேரை வெட்டினன், நீர் என்ரை பேரைப் போட்டிருக்கிறீர். இப்பதான் பாத்தன். பெரிய நன்றி. குலசேகரம்."

மேனுஷா அதை இங்கிலீஷில் சொன்னாள், சினிமாக்காரர் சிலர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார்கள்.

குலசேகரம் பின்னால் கதவோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று நான் காணவில்லை. ஜெயகௌரி மேடையில் இருந்து இறங்கி, நடுவால் நடந்து போய், அவருடைய முழங்கையைப் பிடித்தார். "வாங்கோ அண்ணை" என்றார், அவ்வளவுதான். இருவரும் முன்னால் வந்தார்கள். இடது பக்கம், தன் நாற்காலிக்குப் பக்கத்து இடத்தைத் தங்கை காட்டினார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தடியை ஊன்றித் திரும்பி, வலது பக்கம் போய், ஒருவரும் இல்லாத அந்த முன்வரிசையின் முதல் நாற்காலியில் இருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கைகொடுத்துப் போகும்வரைக்கும், கொலின் வீட்டு ஆளாக அங்கேயே இருந்தார்.